இயந்திரத்துக்குத் தடுப்பு உண்டு, திரைக்கு?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாங்கள் வங்கிக்கும் வைத்தியத்துக்குமான கைபேசிச் செயலிகளை வடிவமைக்கிறவர்கள். திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், என்ன வார்த்தை வர வேண்டும், எத்தனை படிகள் தாண்ட வேண்டும் என்று தீர்மானிப்பது எங்கள் தொழில். பார்வைக்கு இது அலங்கார வேலை. உண்மையில் உங்கள் கூலிப் பணமும் உடல் நலமும் சம்பந்தப்பட்ட வேலை.

யு.பி.ஐ. முறை 2016-ல் ஆரம்பமாயிற்று. அதில் பணம் அனுப்பவும் வழி இருந்தது; ஒருவரிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பவும் வழி இருந்தது. இந்த இரண்டாவது வழியை மோசக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பழைய சைக்கிளை விற்க வந்தவரிடம், "பணம் அனுப்பிவிட்டேன், பின் நம்பரைப் போடுங்கள், வந்து சேரும்" என்பார்கள். திரையில் தொகை தெரியும். அவரும் போடுவார். பணம் வராது, இருந்ததும் போய்விடும்.

இது யார் குற்றம்? வாடிக்கையாளரின் அஜாக்கிரதை என்றார்கள். ரிசர்வ் வங்கி 2017-ல் வெளியிட்ட விதியும், அஜாக்கிரதையால் வந்த நஷ்டத்தை, வங்கிக்குத் தெரிவிக்கும்வரை, வாடிக்கையாளர் தலையிலேயே வைத்தது.

மில் தொழிலாளிக்கு இந்த வார்த்தை புதிதா? பல்சக்கரத்தில் விரல் போனால், "கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்பது பழைய பாட்டு. ஆனால் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், அபாயமான பாகங்களுக்குத் தடுப்புப் போட வேண்டும் என்று விதித்தது. மனிதன் களைத்துப்போவான், அவசரப்படுவான்; ஆகவே இயந்திரத்தைத் திருத்து என்பதே அதன் பொருள்.

திரைக்கும் அதே நியாயம்தான். தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கோரும் அந்த வழி 2025 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. ஜனங்கள் ஒரே நாளில் புத்திசாலிகள் ஆகிவிட்டார்களா? இல்லை. இயந்திரம் திருத்தப்பட்டது, அவ்வளவுதான்!

வைத்தியத் துறையைப் பாருங்கள். 2021 மே மாதம், 18 முதல் 44 வயதுள்ளவர்கள் கொரோனாத் தடுப்பூசிக்குக் கோவின் தளத்தில் பதிவு செய்தே தீர வேண்டும் என்றார்கள். அப்போது அந்தத் தளம் ஆங்கிலத்தில் இருந்தது. நல்ல கைபேசியும் ஆங்கிலமும் உள்ளவர் வீட்டிலிருந்தே இடம் பிடித்தார். நாற்று நடுகிற பெண் என்ன செய்வாள்? ஊசி போடுமிடத்திலேயே பதியலாம் என்ற அனுமதி மே 24-ல்தான் வந்தது. பிற மொழிகள் ஜூனில்தான் வந்தன. நோய் அதுவரை காத்திருக்கவில்லை.

ஆகவே எங்கள் தொழிலில் நாங்கள் வற்புறுத்துவது இதுதான்: ஒரு செயலி வெளிவருமுன் உங்களைப் போன்றவர்கள் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். "டெபிட்" என்று எழுதாமல், "உங்கள் பணம் போகிறது" என்று தமிழில் எழுத வேண்டும். செயலி இல்லாதவருக்கு நேரில் பதியும் வழி முதல் நாளே இருக்க வேண்டும்.

நீங்களும் மூன்று விஷயங்களை மனத்தில் வையுங்கள். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்தால் அன்றே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவியுங்கள். ஒரு திரை புரியவில்லையென்றால் வெட்கப்படாதீர்கள். "புரியவில்லை" என்று உரக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியது அந்தத் திரை!