கடல் கொண்ட கலமும் காலம் கடந்த பாடலும்



கலம் கவிழ்ந்த செய்தி தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. மணிமேகலையில், பொருள் தேடிக் கடலேறிய சாதுவன், காற்றில் கலம் சிதைய, ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் மலையை அடைகின்றான். தப்பி வந்த சிலர் அவன் மாண்டான் எனப் புகாரில் உரைக்க, ஆதிரை தீப்புகுகின்றாள். தீ அவளைச் சுடவில்லை. செய்தி சொல்லச் சிலரேனும் கரை சேர்ந்ததால் அக்கதை விளைந்தது. ஒருவரும் திரும்பாத கலத்தின் கதையை யார் சொல்வது?

1888 நவம்பர் 8ஆம் நாள், கட்ச்சின் மாண்டவித் துறைமுகத்திலிருந்து ‘வைதர்ணா’ என்னும் பயணியர் நீராவிக் கப்பல் பம்பாய்க்குப் புறப்பட்டது. 1885இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட அக்கப்பலில் மின்விளக்குகள் ஒளிர்ந்தமையால், குஜராத் மக்கள் அதனை மின்சாரம் எனப் பொருள்படும் ‘வீஜளி’ என்றே அழைத்தனர். துவாரகையில் மேலும் பயணியரை ஏற்றிய கப்பல், வானிலை சீர்கெட்டதால் போர்பந்தரில் நில்லாமல் சென்றது. பின்னர் மாங்ரோல் கரைக்கப்பால் காணப்பட்டதாகச் சொல்வர். அதன்பின் அதனைக் கண்டவர் இலர். திருமணக் குழுவினரும், பம்பாயில் மெட்ரிகுலேஷன் தேர்வெழுதச் சென்ற மாணவரும் உட்பட, 700க்கும் மேற்பட்டோர் புயற்கடலில் மறைந்தனர். தேடச் சென்ற கப்பல்கள் வெறுங்கையோடு திரும்பின.

1966 நவம்பர்ப் புயலில் சென்னை மெரினாவில் தரைதட்டிய ‘ஸ்டமாட்டிஸ்’ என்னும் சரக்குக் கப்பல் பல ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. மயிலாப்பூர் மக்கள் நடந்து சென்று பார்க்கத்தக்க நினைவுச் சின்னமாக அது இருந்தது. வைதர்ணாவுக்கோ ஒரு பலகைத் துண்டும் சான்றாகக் கிடைக்கவில்லை. அதற்குச் சான்றாய் நின்றது நாட்டுப்பாடலே.

ஜவேர்சந்த் மேகாணி தொகுத்தளித்த அப்பாடல், கப்பலோடு மூழ்கிய பதின்மூன்று திருமணக் குழுக்களை எண்ணிப் புலம்புகிறது. கப்பல் தலைவனாகிய ஹாஜி காசமை விளித்து அழுகிறது. குணவந்தராய் ஆசார்யா 1954இல் எழுதிய புதினமும் அவன் பெயரையே தலைப்பில் தாங்கிற்று. போர்பந்தர் நிருவாகி தடுத்தும் கேளாமல் அவன் கப்பலைச் செலுத்தினான் என்றொரு கதையும் வழங்குகிறது; பிற்கால ஆய்வாளர் அதனை ஏற்கவில்லை.

பின்னர் நடந்த விசாரணையோ வேறொன்றைக் காட்டியது. உயிர்காப்புப் படகுகளும் மிதவை அங்கிகளும் போதுமான அளவில் அக்கப்பலில் இல்லை என்பதே அது. புயலை எவரும் தடுத்திருக்க இயலாது; படகுகளைக் கூட்டியிருக்க இயலும். எனினும் மக்கள் நினைவில் நின்றது தலைவனின் பெயர். கப்பலை நடத்திய ஷெப்பர்டு நிறுவனத்தின் பெயரைப் பாமரர் எவரும் பாடவில்லை.

இதனால் பாடலைக் குறைகூறுதல் தகாது. நம் ஒப்பாரியிலும் அழுபவர்க்கு விளித்தழ ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. ஒப்பாரி இழப்பை அளக்குமேயன்றி விசாரணை நடத்துவதில்லை. அப்பாடல் இல்லையேல் மாண்டோர் வெறும் எண்ணிக்கையாக ஏட்டில் முடங்கியிருப்பர். விசாரணை இல்லையேல் உயிரோடு இல்லாத ஒருவன்மீதே பழி முழுவதும் படிந்திருக்கும்.

ஆதலின், நாட்டுப்பாடலை ஆராய்வோர் அதன் அருகில் ஆவணத்தையும் வைத்துப் படித்தல் வேண்டும். மாண்டோர்க்கு இரங்குவதோடு, அவர்கள் மாண்டதன் காரணத்தை உரைப்பதும் இலக்கியம் கற்றோரின் கடமையாகும்.