கொசுவை விட்டே டெங்குவைப் பிடிக்கலாமா?

மழைக்காலம் வந்தா போதும், தெருவுல கொசுப்புகை அடிப்பாங்க, மொட்டை மாடியில பழைய டயர், உடைஞ்ச பக்கெட்ல தண்ணி நிக்குதான்னு பார்ப்பாங்க. வருஷா வருஷம் இது நடக்குது. வருஷா வருஷம் டெங்குவும் வருது. கொசுவைக் கொல்றதுக்குப் பதிலா, கொசுவை வளர்த்து ஊருக்குள்ள விட்டா என்ன ஆகும்? கேட்கவே கிறுக்குத்தனமா இருக்கில்ல? இன்னிக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

நம்ம ஹீரோ பேரு வோல்பாக்கியா. வேற உயிர்களோட செல்லுக்குள்ள மட்டுமே வாழ முடியுற ஒரு பாக்டீரியா. 1924லயே ஹெர்டிக், வோல்பாக்னு ரெண்டு பேர் இதை சாதாரண கொசு ஒண்ணுல கண்டுபிடிச்சாங்க. பழத்து மேல மொய்க்கிற ஈ, வண்ணத்துப்பூச்சின்னு ஏகப்பட்ட பூச்சிகள்ல இது இருக்கு. ஆனா டெங்குவைப் பரப்புற ஏடிஸ் எஜிப்டி கொசுவுல இயற்கையா இல்லை. ஆஸ்திரேலியாவுல ஸ்காட் ஓ'நீல் குழு, பழ ஈயில இருந்த வோல்பாக்கியாவை எடுத்து, நுண்ணிய ஊசியால ஏடிஸ் முட்டைக்குள்ள ஏத்தினாங்க. அது நிலைச்சு நிக்கவே பல வருஷம் ஆச்சு.

உள்ள போன பாக்டீரியா ரெண்டு வேலை பண்ணுது.

ஒண்ணு, டெங்கு வைரஸ் அந்தக் கொசுவுக்குள்ள சரியா பெருக முடியாம தடுக்குது. கொசு கடிக்கத்தான் செய்யும், ஆனா வைரஸைக் கடத்துற வாய்ப்பு ரொம்பக் குறைஞ்சிடுது.

ரெண்டாவதுதான் செம்ம. பாக்டீரியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோட சேர்ந்தா முட்டை பொரிக்காது. பாக்டீரியா உள்ள பெண் எந்த ஆணோட சேர்ந்தாலும் பொரிக்கும், வாரிசுகளுக்கும் பாக்டீரியா போயிடும். அதனால சில தலைமுறையில அந்த ஏரியா கொசுக்கள்ல பெரும்பாலானது வோல்பாக்கியா கொசுவா மாறிடும். நம்ம பாஷையில சொன்னா, ஒரு தடவை டிப்ளாய் பண்ணா போதும், அடுத்தடுத்த தலைமுறை அப்டேட்டை தானாவே இன்ஸ்டால் பண்ணிக்குது.

சரி, நிஜத்துல வேலை செஞ்சுதா? இந்தோனேசியாவோட யோக்யகர்த்தா நகரத்தை 24 பகுதியா பிரிச்சாங்க. குலுக்கல் முறையில 12 பகுதியில மட்டும் கொசு விட்டாங்க. பக்கா ஏ/பி டெஸ்ட்! 2021ல ரிசல்ட் வெளியாச்சு. டெங்கு 77% குறைவு. டெங்குவால ஆஸ்பத்திரியில சேர்றது 86% குறைவு.

இதுல நான் ரொம்ப யோசிச்ச விஷயம் வேற. அங்க முட்டை போட்ட பக்கெட்டுகளை வச்சது ஜனங்களோட வீட்டு வாசல்லயும் தோட்டத்துலயும். கடிக்கிற கொசு நம்ம வீட்லயே பொரிக்கும்னு தெரிஞ்சும் ஒத்துக்கிட்டாங்க. முன்னாடியே தெருத்தெருவா போய்ப் பேசி, கேள்விக்கெல்லாம் பதில் சொன்னதுதான் காரணம்.

நம்ம நாட்டுல இதுக்கு எதிர்மாறான கதை ஒண்ணு இருக்கு. 1970கள்ல டெல்லியில உலக சுகாதார நிறுவனமும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து, கொசுவை விட்டே கொசுவைக் கட்டுப்படுத்துற ஆராய்ச்சி பண்ணாங்க. அமெரிக்கப் பணம் வருதே, இது உயிரியல் ஆயுதத்துக்கான வேலையோன்னு பத்திரிகையிலயும் பார்லிமென்ட்லயும் சந்தேகம் கிளம்புச்சு. 1975ல இழுத்து மூடிட்டாங்க.

இப்போ ஏன் இதைச் சொல்றேன்னா, புதுச்சேரியில இருக்கிற ஐசிஎம்ஆரோட வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர், உள்ளூர் ஏடிஸ் கொசுவோட கலந்து ரெண்டு வகை வோல்பாக்கியா கொசுவை உருவாக்கிட்டதா 2022ல அறிவிச்சாங்க. எதுக்கு ரெண்டு வகை? பழ ஈயில இருந்து வந்த வகைக்கு வெயில் ஆகாது. தண்ணி ரொம்ப சூடானா கொசுப்புழுவுக்குள்ள பாக்டீரியா குறைஞ்சிடும். இன்னொரு வகை சூட்டைத் தாங்கும், கோலாலம்பூர்ல அதைத்தான் விட்டாங்க. நம்ம ஊர் வெயிலுக்கு எது முக்கியம்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, சயின்ஸ் பக்கம் வேலை நடக்குது. மீதி நம்ம பக்கம். நாளைக்கு ஒருத்தர் கதவைத் தட்டி, "உங்க மாடியில கொசு முட்டை வச்சுக்கலாமா?"ன்னு கேட்டா, வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பி விரட்டாம, நாலு கேள்வி கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. இது மனுஷ உடம்புல வாழாது, கொசுவோட மரபணுவையும் மாத்தலை. அந்த ரெண்டு பதிலை இப்பவே வச்சுக்கோங்க.

அதுவரைக்கும் வாரம் ஒரு தடவை அந்த பக்கெட்டைக் கவுத்து வைங்க மக்களே. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!