சோம்பல் அன்று, சுரப்பியின் குறை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். நானோ பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ரெயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் எழுத்தன். மருத்துவம் கற்றவன் அல்லன். ஆயினும், வயது வந்தோர்க்கு உண்டாகும் ஹார்மோன் குறையைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் என்னைப் பணித்தார். காரணம் உண்டு. அந்நோய் என் வீட்டிற்குள் மூன்று ஆண்டுகள் குடியிருந்தது. அதன் உண்மைப் பெயர் அறியாத நான், அதற்கு வேறொரு பெயர் சூட்டியிருந்தேன். 'சோம்பல்' என்பதே அப்பெயர்.

என் மனைவியின் இசைவு பெற்றே இதைச் சொல்கிறேன். அவள் இவ்வவையில்தான் அமர்ந்திருக்கிறாள். "சொல்வதானால் முழுவதும் சொல்லுங்கள், என்னைத் திட்டியதையும் விடாமல் சொல்லுங்கள்" என்பது அவள் இட்ட நிபந்தனை.

அவள் வேலூர் வெயிலில் பிறந்து வளர்ந்தவள். என்னை மணந்து பெங்களூருக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. நம் விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும் பெண்களுள் அவளும் ஒருத்தி. விடியுமுன் எழுந்து, கோலமிட்டு, எனக்கும் பிள்ளைகளுக்கும் சோறு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அமர்வாள். அப்படிப்பட்டவள் சிறிது சிறிதாக மாறினாள். எழுந்திருக்க ஆறரை மணி ஆயிற்று. நடுப்பகலில் படுத்துவிடுவாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுவாள். சித்திரை மாதத்திலும் கம்பளியைத் தேடினாள். உண்பது குறைந்தது, உடலோ பருத்தது. சீப்பு நிறைய முடி வந்தது.

ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு விடை ஆயத்தமாக இருந்தது. குளிர்கிறது என்றால், "பெங்களூர்க் குளிரை வேலூர் உடம்பு தாங்காது" என்றோம். முடி உதிர்ந்தால், "இவ்வூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்றோம். உடல் பருத்தால், "நாற்பதைத் தொட்டால் எல்லார்க்கும் அப்படித்தான்" என்றோம். ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்கு இஃதொரு வசதி. எதற்கும் ஊரைப் பழிக்கலாம்! ஊர்மேல் போட முடியாத பழியை நான் அவள்மேல் போட்டேன். ஒரு நாள் இரவுப் பணி முடித்து வீடு திரும்பியபோது பாத்திரங்கள் துலக்கப்படாமல் கிடந்தன. "நாளெல்லாம் வீட்டில் இருந்து என்னதான் செய்கிறாய்? உன்னைப்போலச் சோம்பேறியை நான் கண்டதில்லை" என்று பிள்ளைகள் எதிரில் சொன்னேன். அவள் மறுமொழி கூறவில்லை. மறுமொழி கூறும் வலிமையும் அவளிடம் இல்லை என்பதைப் பின்னரே அறிந்தேன்.

இடையில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். இரத்தச் சோகை என்று சொல்லி, ஓராண்டு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். அதற்குமேல் ஒன்றும் ஆராயவில்லை. பிறகு ஒரு விழா ஒத்திகையில் அவள் குரல் கம்மியது. சளி என்று சொல்லிப் பாட்டிலிருந்து விலகிக்கொண்டாள். அடுத்த ஆண்டும் அதே சளியைச் சொன்னாள்.

உண்மை தற்செயலாக வெளிப்பட்டது. என் தாயாரின் நீரிழிவுக்காக ஒரு மருத்துவமனைக்குச் சென்றிருந்தோம். துணைக்கு வந்தவள் என் மனைவி. அவள் மாமியாருக்காக இரண்டு சொற்கள் பேசியதும், மருத்துவ அம்மையார் எழுதுவதை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். "உங்கள் குரல் எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?" என்று கன்னடத்தில் கேட்டார். நாடியைப் பார்த்தார். குதிகாலின் மேலுள்ள தசைநாணைச் சிறு சுத்தியால் தட்டினார். பாதம் அசைந்தது, ஆனால் பழைய நிலைக்கு மிக மெதுவாகவே திரும்பியது. மறுநாள் இரத்தப் பரிசோதனை நடந்தது. ஏறக்குறைய 4 அல்லது 5-க்குள் இருக்க வேண்டிய எண் அவளுக்கு 68 என்று இருந்தது. அந்தத் தாளை நான் சரக்கு இரசீதைச் சரிபார்ப்பதுபோல் மூன்று முறை பார்த்தேன்.

அஃது என்ன எண்? அதைச் சொல்லுமுன் சுரப்பிகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

உமிழ்நீர்ச் சுரப்பி தன் நீரைக் குழாய் வழியே வாய்க்கு அனுப்புகிறது. வேறு சில சுரப்பிகளுக்குக் குழாய் இல்லை. அவை ஊறவைக்கும் பொருள் நேரே இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கிறது. அவற்றை நாளமில்லாச் சுரப்பிகள் என்பர். அவை அனுப்பும் பொருளுக்கு 'ஹார்மோன்' என்னும் பெயரை 1905-ஆம் ஆண்டில் வழங்கியவர் ஸ்டார்லிங் என்ற ஆங்கில அறிஞர். 'தூண்டுவது' என்பது அதன் கருத்து. கணையம் தரும் இன்சுலின் குறைந்தாலோ, உரியவாறு வேலை செய்யாவிட்டாலோ நீரிழிவு வருவதை நாம் அறிவோம். அதுவும் ஹார்மோன் கோளாறே. இன்று நான் பேசுவது தைராய்டு என்னும் கேடயச் சுரப்பியைப் பற்றி. அது கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ளது.

என் தந்தையார் நீராவி எஞ்சினில் பயர்மேனாக இருந்தவர். "கரி இருக்கலாம், தண்ணீர் இருக்கலாம், தண்டவாளமும் நன்றாக இருக்கலாம், நெருப்புத் தணிந்தால் வண்டி மேடு ஏறாது" என்று அவர் சொல்வதுண்டு. தைராய்டு தரும் தைராக்சின், உடலின் நெருப்பை அளவோடு எரிய வைப்பது. அது குறைந்தால் இதயம், குடல், தோல், மூளை ஆகிய எல்லாம் மந்தமாகின்றன. அவ்வேளையில் ஒருவரை "எழுந்து வேலை செய்" என்பது, நெருப்பில்லாத எஞ்சினைப் பார்த்து விசில் ஊதுவது போன்றதாகும்.

இந்நெருப்பைக் கண்காணிக்க மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி உண்டு. அதை நம் கண்ட்ரோல் அலுவலகம் என்று கொள்ளுங்கள். நிலையத்தில் வேலை ஒழுங்காக நடந்தால், கண்ட்ரோல் எப்போதோ ஒரு முறை பேசும். நிலையம் தூங்கினால், தொலைபேசி மணி ஓயாது ஒலிக்கும். அந்த மணிதான் டி.எஸ்.எச். என்னும் ஹார்மோன். பரிசோதனையில் நாம் எண்ணுவது அதையே. எண் மிகுந்தால் தைராய்டு தூங்குகிறது. மிகக் குறைந்தால் அது மிகையாக ஓடுகிறது. அரிதாகக் கண்ட்ரோல் அலுவலகமே பழுதாவதும் உண்டு. ஆதலால்தான் மருத்துவர்கள் தேவைப்படும்போது தைராக்சின் அளவையும் சேர்த்துப் பார்க்கின்றனர்.

இந்நோய்க்கு மருந்து கண்ட வரலாறு நெஞ்சை ஈர்ப்பது. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டுச் சாற்றை நோயுற்ற ஒரு பெண்மணிக்கு ஊசி வழியே செலுத்தினார். ஒடுங்கிக் கிடந்த அவ்வம்மையார் எழுந்து நடமாடினார். அதன்பின் ஏறத்தாழ 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914-இல் அமெரிக்காவில் கெண்டல் என்பவர் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். இன்று ஆட்டைத் தேட வேண்டியதில்லை. லெவோதைராக்சின் என்ற சிறு மாத்திரையே போதும்.

நம் நாட்டில் முன்பு தைராய்டு என்றதும் நினைவுக்கு வந்தது கழுத்துக் கழலை. உணவில் அயோடின் குறைவதே அதன் பெருங்காரணம். 1956-இல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வு. இராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் கலந்தால் கழலை குறையும் என்று காட்டியது. 1962-இல் நாடு தழுவிய கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. இன்று நம் அடுக்களை உப்பில் அயோடின் இருக்கிறது. அவ்வாறிருந்தும் நோய் ஏன் வருகிறது? உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றல், ஆள் தெரியாமல் தன் சுரப்பியையே தாக்குவதுதான் இன்று பெரும்பாலும் காரணம். 1912-இல் இந்நோயை முதலில் விவரித்தவர் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர். ஆகவே, உப்பைக் கூட்டி உண்பதால் இது தீராது. இரத்த அழுத்தம்தான் கூடும்.

இஃது அரிய நோய் என்று எண்ணிவிடாதீர்கள். பெங்களூர், சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பரிசோதித்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அதன்படி, வயது வந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேருக்குத் தைராய்டுக் குறை இருந்தது. பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 16; ஆண்களுள் 5. அந்தப் பதினொருவருள் மூவருக்கு மேற்பட்டோர், தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். அந்த மூவரைப் போன்றவர்களை மனத்தில் கொண்டே நான் இங்கு நிற்கிறேன்.

அறிகுறிகளைச் சொல்கிறேன், தாய்மார்கள் கருத்தில் கொள்ளுங்கள். ஓய்வெடுத்தும் தீராத அயர்வு, பிறர்க்கு இல்லாத குளிர், வறண்ட தோல், முடி உதிர்தல், மலச்சிக்கல், காரணமின்றி எடை கூடுதல், முகவீக்கம், கம்மிய குரல், மறதி, மனச்சோர்வு, மாதவிடாய் மிகுதி, மெதுவான நாடி. இவற்றுள் ஒன்று மட்டும் இருந்தால் அது வேறு எதுவாகவும் இருக்கலாம். இரத்தச் சோகை, நீரிழிவு, மாதவிடாய் நிற்கும் காலம், மனநோய் ஆகியவையும் அயர்வைத் தரும். பல ஒன்றுசேர்ந்து மாதக்கணக்கில் நீடித்தால், பரிசோதியாமல் இருத்தல் தவறு. எண் சற்றே கூடியிருந்தால் உடனே அஞ்ச வேண்டியதில்லை. சில வாரம் கழித்து மீண்டும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. சுரப்பி மிகையாக ஓடினால் நன்கு உண்டும் உடல் மெலியும்; கை நடுங்கும்; நெஞ்சு படபடக்கும்; வியர்க்கும்; தூக்கம் கெடும்; சிலர்க்குக் கண்கள் பிதுங்கும்; சிறு சொல்லுக்கும் சினம் வரும். அவரை நாம் 'முன்கோபி' என்போம். முதலாமவர் சோம்பேறி, இவர் முன்கோபி. இருவரும் நோயாளிகள் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. இவருக்கும் மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை மருத்துவம் என்று வழிகள் உள்ளன.

மருந்து உண்ணும் முறையில் நாங்கள் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரை தொடங்கி எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, எண் 68-லிருந்து 40-க்குத்தான் இறங்கியிருந்தது. அம்மையார், "மாத்திரையை எதோடு உண்கிறீர்கள்?" என்று கேட்டார். "காலைக் காபியோடு" என்றாள் என் மனைவி. அதோடு பழைய இரும்புச் சத்து மாத்திரையும் சேர்ந்திருந்தது! காபி இம்மருந்து குடலில் சேர்வதைக் குறைக்கும்; இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் அவ்வாறே தடுக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு உண்டு, குறைந்தது அரை மணி, இயன்றால் ஒரு மணி நேரம் கழித்தே காபி அருந்த வேண்டும். இரும்பு, சுண்ணாம்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அன்று முதல் அவள் மாத்திரைப் புட்டியைக் கோலமாவுக் கிண்ணத்தின் அருகில் வைத்தாள். மாத்திரை, கோலம், குளியல், அதன்பின் காபி. அடுத்தடுத்த பரிசோதனைகளில் எண் அளவுக்குள் வந்தது.

இன்னும் சில சொற்கள். உடல் தேறியதும் மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. பலர்க்கு அது வாழ்நாள் துணை. பக்கத்து வீட்டார் அளவு நமக்கு ஆகாது. அளவு மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும். முதியோர்க்கும் இதய நோயாளர்க்கும் சிறிதளவில் தொடங்குவர். மாத்திரை உண்ணும் பெண் கருவுற்றால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அப்போது தேவை கூடும். எடை குறைய வேண்டுமென்று நோயில்லாதவர் இதை உண்பது ஆபத்து. ஹார்மோனைச் சீராக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

ஆறேழு மாதங்களில் அவள் குரல் திரும்பியது. இன்று தொடக்கத்தில் நீங்கள் கேட்ட வாழ்த்துப் பாடலில் அக்குரலும் இருந்தது. ஆனால், அந்த மூன்று ஆண்டுகள் திரும்பவில்லை. உடன் வாழும் ஒருவர் மெல்ல மெல்ல மாறும்போது, அவர் குணத்துக்குப் பெயர் சூட்டுமுன் அவர் உடலை ஒரு முறை மருத்துவரிடம் காட்டுங்கள். இதுவே என் வேண்டுகோள்.

பிள்ளைகள் எதிரில் சொன்ன அச்சொல்லை, பிள்ளைகள் எதிரிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டேன். அதற்கு என் மனைவி, "அடுத்த முறை முதலில் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள், அதன்பின் திட்டலாமா என்று பார்க்கலாம்" என்றாள். அவளுக்குச் சிரிப்பும் திரும்பியிருந்தது.