நதியின் கணக்கை யார் எழுதுவது?

(கொற்கையில் நடைபெற்ற வணிகர் – இளைஞர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நாம் கூடியிருக்கும் இந்தக் கொற்கை, பாண்டியரின் துறைமுகம். முத்துக்குப் பேர் போன ஊர். இன்று இங்கே கடல் எங்கே? குளமும் வயலும் வாழையும்தான் கண்ணில் படுகின்றன. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல், கடலைக் கிழக்கே தள்ளிவிட்டது. வாணிபம் காயலுக்குப் போயிற்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிய காயல் அதுதான். அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய அந்தத் துறையையும் வண்டல் விட்டுவைக்கவில்லை.

வணிகர்களே, இதிலுள்ள பாடம் உங்களுக்குத்தான். ஆறு மாறினால் சந்தை மாறும்! அன்றைய வியாபாரியிடம் ஆற்றை அளக்கக் கருவி இல்லை. நம்மிடம் இருக்கிறது. ஆனால் அளக்கிறோமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. இந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கித் தவித்தார்கள். அந்த 95 என்ற எண் நமக்கு எப்படிக் கிடைத்தது? அங்கே ஒரு மழைமானி இருந்தது. அதைப் பார்த்து எழுத ஒருவர் இருந்தார். சரி, உங்கள் கடைக்குள் தண்ணீர் எத்தனை மணிக்குப் புகுந்தது, எத்தனை அடி ஏறியது, எந்தக் குளம் முதலில் உடைந்தது என்று எழுதி வைத்தவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? கல்லாவில் ஒரு ரூபாய் குறைந்தால் இரவெல்லாம் கணக்குப் பார்க்கிறோம். கடையையே கொண்டுபோன வெள்ளத்திற்குக் கணக்கு இல்லை!

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அளவோடு சொன்ன சொல் ஏறும். தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்துத் தோழர் நல்லகண்ணு வழக்குத் தொடுத்தார். 2010 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஐந்தாண்டுகளுக்குத் தடை விதித்தது. பாபநாசத்திலிருந்து வரும் நீரைத் தேக்கும் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம். நூறாண்டுகளுக்கு மேல் அங்கே சேர்ந்திருந்த மண்ணைத் தூர்வார, 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கேட்டதால் கிடைத்த தீர்ப்புகள் இவை. ஆனால் தீர்ப்போடு வேலை முடிவதில்லை. எவ்வளவு அள்ளினார்கள், அள்ளியது வண்டலா மணலா என்று கூடவே நின்று அளப்பவர் வேண்டும்.

அந்த வேலையை அரசு மட்டும் செய்ய முடியாது. லாப நோக்கமற்ற ஆய்வு அமைப்புகள் தேவை. 1996இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட ஏட்ரீ என்ற அறக்கட்டளை, மணிமுத்தாற்றில் ஒரு மையம் வைத்திருக்கிறது. 2011 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணி வந்திருக்கிறார்கள். பறவை எண்ணுவது பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டாம். அதே குளத்துக்கு ஆண்டுதோறும் போகிறவனுக்கு, தண்ணீர் குறைந்ததும் கரை சுருங்கியதும் கழிவு கலந்ததும் தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். ஆய்வுக்குப் பணம் யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆற்றில் நீர் எடுப்பவரே ஆற்றைப் பற்றிய ஆய்வுக்கும் பணம் கொடுத்தால், கேட்க வேண்டிய கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடாதா? சரக்கு வாங்குகிறவர் தராசை விற்பவரிடமே விட்டுவிடுவதில்லையே! ஆகவே நம் கையிலும் ஒரு தராசு வேண்டும். அதற்கான செலவை நாமே ஏற்க வேண்டும்.

கிணறு வெட்டித் தருவதை தர்மம் என்கிறோம். அந்தக் கிணற்று நீர் உப்பானதா என்று சோதித்துச் சொல்வதும் தர்மம்தான். இளைஞர்களே, ஊருக்கு ஒரு மழைமானி வையுங்கள். மாதம் ஒருமுறை பத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்துவிட்டது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போட்டு, உங்கள் குளத்தின் பரப்பு என்ன, எப்போது தூர்வாரினார்கள் என்று கேளுங்கள். வணிகர்களே, அதற்கு ஆகும் சிறு செலவைத் தாருங்கள், கணக்கையும் கேளுங்கள். வரவு செலவை ஊர் பார்க்கும்படி ஒட்டாத அமைப்புக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

கொற்கையை இழந்தவர்கள் காயலுக்குப் போனார்கள். காயலை இழந்தவர்கள் வேறு துறை தேடினார்கள். நாம் எங்கே போவது? நமக்கு இந்த ஆறுதான், இந்தக் கரைதான். அதன் கணக்கை நாமே எழுதுவோம். இந்த மழைக்காலத்திலேயே முதல் பக்கத்தைத் தொடங்குவோம்.