போஸ்டரில் யார் முகம்?
(ஆலங்குளத்தில் தொழிலாளர்களிடையே நிகழ்த்திய உரை)



நம் சிவகாசியிலே தீப்பெட்டி லேபிள் அச்சடித்த லித்தோ இயந்திரந்தான் பின்னால் காலண்டரையும் சினிமா போஸ்டரையும் அச்சடித்தது. தமிழ்நாட்டுச் சுவர்களில் ஏறிய எத்தனையோ போஸ்டர்கள் நம்மவர் கைபட்டு வந்தவை. ஆகவே, அந்தக் காகிதத்தில் யார் முகம் பெரிதாகிறது, யார் முகம் மறைகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வெளிநாட்டைப் பாருங்கள். 2013ல் வந்த ‘12 இயர்ஸ் எ ஸ்லேவ்’ அடிமையாக விற்கப்பட்ட ஒரு கறுப்பு மனிதனின் கதை. கதாநாயகன் சிவெட்டெல் எஜியோஃபோர். இத்தாலியில் வந்த போஸ்டரிலோ, சிறு வேடத்தில் நடித்த வெள்ளையர் பிராட் பிட்டின் முகம் பெரிதாக; கதாநாயகன் பொடியாக! கண்டனம் எழுந்த பிறகே அதைத் திரும்பப் பெற்றார்கள். 2015ல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் சீனப் போஸ்டரில், கறுப்பு நடிகர் ஜான் பொயேகாவின் உருவம் சுருங்கிவிட்டது. வியாபாரியின் கணக்கு என்ன? காசு கொடுப்பவன் கறுப்பு முகத்தை விரும்பமாட்டான் என்பதுதான்!

நம் நாட்டில் நிறத்தோடு ஜாதியும் சேர்ந்துகொள்கிறது. விநியோகஸ்தர்கள் தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்து விற்கிறார்கள். நாம் ‘மதுரை–ராம்நாடு’ ஏரியா. நகரம் ஏ சென்டர், சிற்றூர் பி, கிராமம் சி. இந்தக் கணக்குக்குள்ளே, எந்தப் பக்கம் எந்த ஜாதி அதிகம் என்ற கணக்கும் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் தென்மாவட்டப் படமென்றால் மீசையும் அரிவாளும்! படம் வெளியாகும் நாளில், ரசிகர் பேனரில் நடிகருக்குப் பக்கத்தில் ஜாதித் தலைவர்! கதாநாயகியோ வடக்கேயிருந்து சிவப்பாக வரவேண்டும். குரல் மட்டும் வேறொரு பெண் கொடுப்பாள். வெயிலில் உழைக்கும் நம் பெண்களின் நிறம் போஸ்டருக்கு ஆகாதாம்!

கேட்டால், “ஜனங்கள் இதைத்தான் கேட்கிறார்கள்” என்று நம் தலையில் பழியைப் போடுகிறார்கள். இது உண்மையா? 2018ல் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. ஒடுக்கப்பட்ட மாணவனின் கதை, ஜனங்கள் ஓடவைத்தார்கள். அதே ஆண்டில் கறுப்பு நடிகர்கள் நிறைந்த ‘பிளாக் பாந்தர்’ உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கறுப்பு முகத்தைச் சுருக்கிய அந்தச் சீனத்திலேயே 10 கோடி டாலருக்கு மேல்!

ஆகவே, குறுகியது ரசிகனின் மனம் மட்டுமல்ல. வியாபாரியின் கணக்கும் குறுகியது.

ஆனால் நம் பங்கும் இருக்கிறது, தோழர்களே. அந்த ரசிகர் பேனருக்கு வசூல் போட்டுக் கொடுப்பது யார்? பட்டாசு, சிமெண்ட் ஆலைகளில் கூலி வாங்கும் நம் வீட்டுப் பிள்ளைகள்! அதில் ஜாதித் தலைவர் படம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லட்டும். அதற்கு எந்த வியாபாரியின் அனுமதியும் வேண்டியதில்லை.