எண்ணப்பட வேண்டியோர்: டெக்சஸ் கல்வி வாரியத் தொகுதி மறுவரையறை

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகள் எதைப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்வது 15 உறுப்பினர் கொண்ட மாநிலக் கல்வி வாரியம். சம்பளம் இல்லாத இப்பதவிகளுக்குத் தொகுதிவாரியாகத் தேர்தல் நடக்கிறது. பத்தாண்டுக்கொருமுறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும், தொகுதி எல்லைகளை மாநிலச் சட்டமன்றம் மாற்றியமைக்கிறது.

இங்கே எழும் கேள்வி இது: தொகுதிகளைச் சமமாக்கும்போது வாக்காளரை மட்டும் எண்ணுவதா, குடியிருப்போர் அனைவரையுமா? வாக்காளரே அளவுகோல் என்று தொகுதி வரையறை அறிஞர் சிலர் சொல்லி வருகின்றனர். கல்வி வாரியத்தைப் பொறுத்தவரை அந்த வாதம் நிற்காது.

2020 கணக்கெடுப்பின்படி டெக்சஸின் மக்கள்தொகை 2,91,45,505. பதினைந்தாகப் பங்கிட்டால் தொகுதிக்குச் சுமார் 19.43 லட்சம் பேர். மாநில செனட்டின் 31 தொகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 9.4 லட்சம் பேர்தான். ஆக, கல்வி வாரிய உறுப்பினர் ஒருவர் செனட்டர் இருவருக்கும் மேலான மக்களுக்குப் பொறுப்பாகிறார். அமரில்லோ, லபக் நகரங்களைக் கொண்ட 15ஆம் தொகுதி மாநிலத்தின் வடமேற்கில் மாவட்டம் மாவட்டமாகப் பரந்து கிடக்கிறது. இவ்வளவு பெரிய தொகுதியில் எல்லைக்கோடு சற்று நகர்ந்தாலும் பல்லாயிரம் பிள்ளைகளுக்குப் பிரதிநிதி மாறிவிடுவார். 2010 மே மாதம், நாடே கவனித்த சமூக அறிவியல் பாடத்தரங்கள் இவ்வாரியத்தில் 9-க்கு 5 என்ற வாக்கில் நிறைவேறின. மூன்று வாக்குகள் இடம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும்.

இனி, யாரை எண்ணுவது என்பது. மெக்சிகோ எல்லையோரம் உள்ள ஹிடால்கோ மாவட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் 18 வயது நிரம்பாதவர். மாநிலம் முழுவதும் பார்த்தால் நான்கில் ஒருவர். வாக்காளரை மட்டும் எண்ணினால் ஹிடால்கோ போன்ற இளம் பகுதிகளின் தொகுதிகள் இன்னும் விரிய வேண்டிவரும். முதியோர் மிகுந்த பகுதிகளின் தொகுதிகள் சுருங்கும். எங்கே பிள்ளைகள் அதிகமோ, அங்கே பிரதிநிதித்துவம் குறையும். பள்ளிக்கென்றே அமைந்த வாரியத்தில் இது அநீதி. இளம் பகுதியில் ஒரு வாக்கின் எடை கூடிவிடுகிறதே என்பது எதிர்த்தரப்பின் வலுவான மறுப்பு. எடை கூடுவது உண்மை. ஆனால் அந்த வாக்கு, வாக்களிக்க முடியாத பிள்ளைகளையும் சேர்த்தே சுமக்கிறது.

டெக்சஸ் செனட் தொகுதிகள் பற்றிய எவன்வெல் எதிர் அபாட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2016இல், மொத்த மக்கள்தொகையைக் கொண்டு தொகுதி வகுப்பது செல்லும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வாக்குரிமை இல்லாதோருக்கும் கொள்கை முடிவுகளில் அக்கறை உண்டு என்பதற்கு நீதிபதி கின்ஸ்பர்க் எடுத்துக்காட்டியதே பொதுக்கல்விதான். வாக்காளரை மட்டும் எண்ணலாமா என்பதை அத்தீர்ப்பு முடிவு செய்யவில்லை. எதிர்த்தரப்பு பற்றி நிற்பது அந்த இடைவெளியை. தீர்ப்பின் காரணப்போக்கு அவர்களுக்குத் துணை செய்யவில்லை.

2021 அக்டோபரில் சட்டமான டெக்சஸ் வரைபடமும் மொத்த மக்கள்தொகையையே கொண்டது. அதன்படி 2022இல் 15 இடங்களுக்கும் தேர்தல் நடந்தது.

மற்ற மாநிலங்களில் முறை வேறு. கான்சஸில் நான்கு செனட் தொகுதிகள் சேர்ந்து ஒரு கல்வி வாரியத் தொகுதியாகின்றன; ஒஹாயோவிலும் மூன்று சேர்ந்து அவ்வாறு அமைந்திருந்தன. செனட் வரைபடத்தின் கோணல்கள் அப்படியே கல்விக்கும் வந்து சேர்கின்றன. இது தனியே ஆராயத்தக்கது. பள்ளி மாவட்ட எல்லைகளை வாரியத் தொகுதிகள் எத்தனை இடங்களில் வெட்டுகின்றன என்ற கணக்கு, மாணவர் சேர்க்கையை அளவுகோலாக்கும் மாதிரி வரைபடம், எல்லை மாறியபின் பாடத்திட்ட வாக்கெடுப்புகள் போன போக்கு ஆகியவையும் இளம் ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பணிகள்.