555 புத்தகத்தில் ஏறாத பாக்கி

(ஐம்பதாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





"வியாபாரத்தில் லாபமும் நேர்மையும்" என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள். நான் மளிகைக்கடைக்காரர் மகன். இப்போது உணவகம் நடத்துகிறேன். மேடை பழக்கமில்லை. ஆகவே இந்த லகாட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், புக்கிட் மேராவில் நடந்ததையே சொல்கிறேன்.

அத்தா கடையில் 555 புத்தகங்கள் கட்டுக் கட்டாக இருக்கும். தோட்டத்து ஆட்களும் ஈயலம்பத்து ஆட்களும் சம்பளம் வரும்வரை பாக்கிக்கு வாங்கிப் போவார்கள். சாமானைக் கொடுத்த கையோடு எழுதிவிட வேண்டும் என்பதில் அத்தா ரொம்பக் கண்டிப்பு. எழுதாத பாக்கி வசூலாகாது என்பார். புக்கிட் மேராவில் நிகழ்ந்தது யாரும் எழுதாத பாக்கி.

ஈயம் அலசிய பின் மிஞ்சும் அமாங் மணலில் மோனசைட் என்ற தாது உண்டு. அதிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுக்க 1979-இல் ஏசியன் ரேர் எர்த் நிறுவனம் பதிவானது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கலுக்கு 35 விழுக்காடு, பே மினரல்ஸுக்கு 35 விழுக்காடு. மீதிப் பங்குதாரர்களில் தாபோங் ஹாஜியும் ஒன்று. 1982-இல் ஆலை ஓடத் தொடங்கியது. வீணாய்க் கிடந்த மணலுக்கு விலை, ஊருக்கு வேலை. என்னைக் கேட்டிருந்தால் நானும் சரியென்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் மோனசைட்டில் தோரியமும் இருக்கிறது, கதிரியக்கம் உள்ளது. அந்தக் கழிவை எங்கே வைப்பது? பாரிட் மக்கள் எங்கள் ஊரில் வேண்டாம் என்றார்கள். பிறகு பாப்பான் மக்களும் மறுத்தார்கள். சரக்கு விற்றுக் காசாகிக்கொண்டிருந்தது. கழிவுக்கு மட்டும் இடம் முடிவாகவில்லை.

1985 பிப்ரவரியில் புக்கிட் மேராவாசிகள் எட்டுப் பேர் ஈப்போ உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். அக்டோபரில் இடைக்காலத் தடை கிடைத்தது. 1987-இல் ஆலை மறுபடியும் ஓடியது. அதே ஆண்டு ஓப்பராசி லாலாங் கைதுகளில் அவர்களுக்காக நின்றவர்களும் உள்ளே போனார்கள். 1992 ஜூலை 11-இல் நீதிபதி பே ஸ்வீ சின் ஆலையை நிறுத்தச் சொன்னார். 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி நிறுவனம் ஜெயித்தது. ஆனாலும் அடுத்த மாதமே ஆலையை மூடிவிட்டார்கள். பிற்பாடு அந்த இடத்தைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு 10 கோடி அமெரிக்க டாலர் என்று 2011-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. கழிவு கிளெடாங் மலைப்பக்கம் புதைந்திருக்கிறது. தோரியம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டு ஆகும். ஊரில் வந்த நோய்களுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்பதே நிறுவனத்தின் பதில்.

எனக்கு உறுத்துவது தாபோங் ஹாஜிதான். ஹஜ்ஜுக்கென்று ரிங்கிட் ரிங்கிட்டாக மக்கள் சேர்த்த பணம் அது. வட்டி கலக்காத இடம் என்று தேடிப் போட்ட பணம். வட்டியைப் பற்றி விசாரித்தோமே தவிர, அது எந்தத் தொழிலில் போகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்தது. மேலே காய்ந்த தானியம். ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்றுதான் அந்த வியாபாரியைக் கேட்டார்கள்.

புக்கிட் மேரா மக்களுக்குத் துணை நின்றவை பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் ஆலாமும். இரண்டுக்கும் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரீஸ், தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வியாபாரம் செய்த நம்மவர். 2019-இல் மறைந்தார். வியாபாரி வியாபாரி பக்கம்தான் நிற்பான் என்று யாராவது சொன்னால் நான் அவர் பெயரைச் சொல்வேன்.

என் கதையையும் மறைக்கக் கூடாது. கோழி பொரித்த எண்ணெயைப் பல வருஷம் கடைக்குப் பின்னாலிருக்கும் கானில்தான் கொட்டினோம். ஒரு பெருமழையில் கான் அடைத்து, பக்கத்து வீட்டுச் சீனத்துப் பாட்டியின் சமையலறைக்குள் அந்தத் தண்ணீர் ஏறிவிட்டது. அவர் விளக்குமாறும் கையுமாக நின்றார், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்த வாரமே கொழுப்பைப் பிடிக்கும் தொட்டி கட்டினேன். பழைய எண்ணெயை எடுக்க இப்போது ஆள் வருகிறார், கிலோவுக்கு ஏதோ தருகிறார். தொட்டிக்குப் போட்ட பணம் இன்னும் திரும்பவில்லை. என் மகன் அதை நஷ்டக் கணக்கில் எழுதினான். அடித்துவிட்டு, பாக்கி அடைத்தது என்று எழுதச் சொன்னேன்.